7 நாள் ட்ரெக்கிங்: எடை குறைந்த கேமரா எதை எடுக்கலாம்?

கேள்வி

அடுத்த மாதக் கடைசியில் நாங்கள் நான்கு பேர் 7 நாள் மலையேற்றம் போகிறோம். கூடாரம், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் நாங்களே சுமக்க வேண்டும். ராத்திரியில் குளிர் 0 டிகிரியைத் தொடும் என்கிறார்கள். வழியில் 2 இடத்தில்தான் சார்ஜ் போட முடியும்.

என்னிடம் இருப்பது பழைய டி.எஸ்.எல்.ஆர்., கூடவே 2 லென்ஸ். பை, சார்ஜரோடு சேர்த்தால் ஒன்றரைக் கிலோ வருகிறது. போன தடவை 5 நாள் நடைக்கு இதைத்தான் கொண்டுபோனேன். முதல் நாள் கழுத்தில் தொங்கிக்கொண்டு நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. மதியத்துக்கு மேல் பைக்குள் போட்டேன், அப்புறம் அதிகம் வெளியே வரவில்லை. 3-ஆம் நாள் விடியற்காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிறைந்து, அதன் மேல் வெயில் விழுந்தது. நான் பையை இறக்கி, மழையுறையைக் கழற்றி, துணிக்கு அடியில் இருந்த கேமராவை எடுப்பதற்குள் மேகம் ஏறிவந்து எங்களையே மூடிவிட்டது. அந்தப் படம் கிடைக்காதது இன்னும் மனதை அரிக்கிறது.

அதனால் இந்தத் தடவை அரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். என்ன எடுக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

எடையைச் சொன்னீர்கள், என்ன படம் எடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லவில்லையே! அதைப் பொறுத்துத்தான் எல்லாம். அகலமான மலைக்காட்சியா, தூரத்துச் சிகரமா, பறவையா, நட்சத்திர வானமா? படங்களைப் பெரிதாக அச்சுப் போடுவீர்களா, கைப்பேசித் திரையில் பார்ப்பதோடு சரியா?

பதில் 2

கையில் இருக்கும் போன் 2, 3 வருடத்துக்குள் வாங்கியது என்றால் அதையே யோசித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் அகலக் காட்சிக்கு அது போதும், கூடுதல் எடையும் இல்லை. ஆனால் வழிகாட்டும் வரைபடம், அவசர அழைப்பு எல்லாம் அதே போனில்தான் இருக்கிறது. படம் எடுத்தே அதன் பேட்டரியைத் தீர்த்துவிட்டால் ஆபத்து. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் தனிக் கேமரா எடுத்துப் போகிறேன்.

கேள்வி கேட்டவர்

நன்றி. பதில் 1-க்கு: பாதி மலைக்காட்சி, பாதி கூட வருபவர்கள் நடப்பது, டென்ட் போடுவது மாதிரிப் படங்கள். தூரத்து மலை அடுக்குகள் மிகவும் பிடிக்கும். ஒரு ராத்திரியாவது நட்சத்திரம் எடுக்க ஆசை. பறவை வேண்டாம். ஒன்றிரண்டு படத்தை அச்சுப் போட்டுச் சுவரில் மாட்டுவேன்.

பதில் 3

அப்படியென்றால் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைவு என்றதும் பலரும் ரிக்கோ ஜி.ஆர். 3-ஐத்தான் சொல்வார்கள். பேட்டரி, கார்டோடு 257 கிராம். அதற்குள் ஏ.பி.எஸ்.-சி. சென்சார் (படம் பதியும் சில்லு), அதாவது உங்கள் டி.எஸ்.எல்.ஆரில் இருக்கும் அளவு. படத்தரம் அருமை, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் 28 மி.மீ. அகலக் கோணம் ஒன்றுதான், ஜூம் கிடையாது (இந்த மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்துக் காட்சி நெருங்கி வரும்). நேரில் கண்ணை நிறைத்து நின்ற சிகரம் 28-ல் எடுத்தால் கரையான் புற்று மாதிரி ஓரத்தில் நிற்கும். மலை அடுக்குகள் பிடிக்கும் என்கிறீர்கள். அவை ஒன்றன்மேல் ஒன்று நெருங்கித் தெரிய 100 மி.மீ.க்கு மேல் வேண்டும். பேட்டரியும் ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம்தான்.

உங்களுக்கு நான் சொல்வது சோனி ஆர்.எக்ஸ். 100 வகை. அதில் 7-ஆம் மாடல் 302 கிராம், 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம். 1 அங்குல சென்சார் என்று பெயர், உண்மையில் 13.2 × 8.8 மி.மீ. பரப்பில் ஏ.பி.எஸ்.-சி.யில் மூன்றில் ஒரு பங்குதான். மங்கிய வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் தெரியும். பகலில் எடுத்ததைச் சுவரில் மாட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நட்சத்திரத்துக்கு 24 மி.மீ.யில் வைத்து, எஃப் 2.8 (லென்ஸ் துளை முழு அகலம்), ஐ.எஸ்.ஓ. 3200 (ஒளி உணர்திறன்), ஷட்டர் 20 விநாடி. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாக இழுபடும். ட்ரைபாட் சுமக்க வேண்டாம். பாறை மேல் ஜாக்கெட்டைச் சுருட்டி வைத்து, 2 விநாடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

படங்களை ‘ரா’ (RAW) வடிவில், அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். பள்ளத்தாக்கு நிழலும் வெள்ளை மேகமும் ஒரே படத்தில் வரும்போது பிறகு திருத்த இடம் கிடைக்கும்.

பதில் 4

நான் இங்கே மாறுபடுகிறேன். 7 நாளில் ஒரு நாளாவது மழை வராதா? ஆர்.எக்ஸ். 100-க்கும் ஜி.ஆருக்கும் மழைக்காப்பு இல்லை. இரண்டிலும் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போவதால் மணலும் தூசியும் கூடவே போகும். என் பழைய காம்பேக்டில் ஒரு மணல் துகள் மாட்டி, ஆன் செய்தால் ‘கிர்’ என்று பாதியில் நின்றுவிடும். நடையின் 2-ஆம் நாளே அதன் கதை முடிந்தது.

மழைக்காப்பு உள்ள, லென்ஸ் மாற்றும் கேமராவான ஓ.எம்.-5-ஐப் பாருங்கள். உடம்பு 414 கிராம், 12-45 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 254. மொத்தம் 668 கிராம். அரைக் கிலோவைத் தாண்டுகிறது, தெரியும். ஆனால் தூறலில் துடைத்துக்கொண்டே எடுக்கலாம், மழை பெய்யும் நேரத்தில்தானே மலை அழகு! அந்த எடை முடியாது, ஆனால் மழையும் உறுதி என்றால் டி.ஜி.-7 என்ற நீர்புகாச் சிறு கேமரா இருக்கிறது: 249 கிராம், 15 மீட்டர் ஆழத் தண்ணீரையும் தாங்கும். சென்சார் மிகச் சிறியது என்பதால் சுவரில் மாட்டும் படத்துக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

பதில் 3

அண்ணன் மழை பற்றிச் சொன்னது நியாயம். ஒரு ஜிப் பையும் கைக்குட்டையும் வைத்துக்கொண்டு சமாளிப்பவன் நான். கேட்டவர் 668 கிராம் தூக்கத் தயார் என்றால் நானும் ஓ.எம்.-5 தான் சொல்வேன்.

பதில் 5

எந்தக் கேமரா என்பதைவிட எங்கே மாட்டுவது என்பது முக்கியம். நீங்கள் எழுதிய மேகக் கதையைப் படித்தால் அன்று கேமரா தோள் வாரில் இருந்திருந்தால் ஒன்றரைக் கிலோவிலும் அந்தப் படம் கிடைத்திருக்கும். சின்னக் கேமரா என்றால் பேக்பேக்கின் தோள் வாரில், நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பவுச் கட்டுங்கள். ஜிப் இல்லாத, மடிப்பு மூடி வைத்த பவுச் நல்லது, கையுறையோடு திறக்கலாம். வாங்கியதும் முழுச் சுமையோடு ஒரு 2 நாள் நடந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. நண்பர் ஒருவரிடம் ஆர்.எக்ஸ். 100-இன் 7-ஆம் மாடல் இரவல் வாங்கி 2 நாள் நடந்துவிட்டு வந்தேன். பவுச்சை இடது தோளில் கட்டினேன். 180 படம்! போன தடவை 5 நாளிலும் இவ்வளவு எடுக்கவில்லை.

ஆனால் 2 தொல்லை. ராத்திரி கேமராவை டென்ட் வாசலில் வைத்திருந்தேன். காலையில் பேட்டரி பாதி காட்டியது, 10 படத்தில் செத்துவிட்டது. அப்புறம் உள்ளே கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படர்ந்து 20 நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. கேமரா பழுதா?

பதில் 3

பழுது இல்லை. குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும், அதனால் மின்னழுத்தம் சட்டென்று இறங்கி, தீர்ந்துவிட்டது என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. கைக்குள் வைத்துச் சூடேற்றியிருந்தால் மறுபடி ஓடியிருக்கும். ராத்திரி எல்லாப் பேட்டரியையும் ஒரு சாக்ஸில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜ் போடாதீர்கள், நிரந்தரமாகக் கெடும்.

லென்ஸில் படர்ந்தது உங்கள் மூச்சின் ஈரம். கேமராவை ஜிப் பையில் போட்டு இறுக்க மூடி, அப்புறம் டென்டுக்குள் கொண்டுவாருங்கள். ஈரம் பைக்கு வெளியே படியும். கேமரா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம்.

உங்கள் கணக்கில் நாளுக்கு 90 படம், 7 நாளுக்கு 630. அந்தப் பேட்டரி 260 படம் தரும் என்று சொல்லியிருக்கிறார்கள். குளிரையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே ஒன்று, உபரி 3. ஒன்று சுமார் 25 கிராம்தான். போனுக்காக 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் எப்படியும் கொண்டுபோவீர்கள், இழப்பெல்லாம் போக இந்தப் பேட்டரியை 5 தடவையாவது நிரப்பும். வைஃபையை அணைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்று ராத்திரி மொட்டை மாடியில் சாக்ஸ் யோசனையைச் செய்து பார்த்தேன், காலையில் பேட்டரி அப்படியே இருந்தது. மழையைப் பற்றி நிறைய யோசித்தேன். அரைக் கிலோவைத் தாண்ட மனம் வரவில்லை, ஆர்.எக்ஸ். 100 தான். நண்பரே தன்னுடையதை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். கேமரா, 3 பேட்டரி, பவுச், 2 ஜிப் பை எல்லாம் சேர்த்துத் தராசில் 450 கிராம்.

பதில் 4

நல்லது. மழையில் மூடி வையுங்கள், நின்றதும் உடனே வெளியே எடுங்கள். இன்னொன்று: உங்கள் நண்பருடையதில் மைக்ரோ யு.எஸ்.பி. துளை இருந்தால் போன் வயர் அதில் சேராது. அப்படியென்றால் மைக்ரோ யு.எஸ்.பி. வயர் ஒன்றை இப்போதே பவுச்சில் போட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

போட்டுவிட்டேன்.