சம்பளம் மாத முடிவு வரை நிற்க என்ன வழி?

கேள்வி (கல்லடி):
சம்பளம் 15 நாளுக்குள் கரைந்துவிடுகிறது. வீண்செலவு என்று எதையும் தனியாகச் சுட்ட முடியாததால், எங்கிருந்து தொடங்குவதென்றே தெரியவில்லை.

பதில் (கல்முனை):
சகோதரி, ஜப்பானில் ஹனி மொட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் அறிமுகப்படுத்திய ‘ககெய்போ’ என்னும் வீட்டுக் கணக்கு முறையை ஒட்டி, சேமிப்பை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதிச் செலவை அவசியம், ஆசை எனப் பிரித்து ஒவ்வோர் இரவும் கையால் எழுதி வருகிறேன். ஒரு மாதக் கொப்பியில் ‘கடைத் தேநீர், வடை’ என்ற வரி 22 தடவை வந்திருந்ததைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது.

பதில் (காத்தான்குடி):
சேமிப்புக்காகச் சீட்டுக் கட்டுபவராக இருந்தால், அந்தக் காசு முழுவதையும் சேமிப்பாக எண்ணிவிடாதீர்கள். முதலில் எடுத்தவருக்கு மீதி மாதங்களில் அது கடன்தான். கடைசியில் எடுப்பவருக்கே அது சேமிப்பு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மகனின் பழைய கொப்பியில் எஞ்சிய தாள்களில் இன்றிரவே எழுதத் தொடங்குகிறேன்.