வைக்கிங்ஸ் அணி ஆலன் பேஜை ஏன் அனுப்பிவிட்டது?

புதுமழை:
வேலை மாறி இந்த வருடம்தான் மினியாபொலிஸ் வந்திருக்கிறேன். ஆபீஸில் எல்லோரும் வைக்கிங்ஸ் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் அமெரிக்கன் ஃபுட்பால் விதிகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. ஆனால் பேச்சு முழுக்கப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பற்றித்தான். வயதான ஒருவர் மட்டும் ஆலன் பேஜ் பெயரை எடுத்தார். டிஃபென்ஸில், அதாவது எதிரணியைத் தடுக்கும் பக்கத்தில் ஆடி, 1971-ல் என்.எஃப்.எல். லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், பின்னால் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர் என்றார். அப்பேர்ப்பட்டவரை 1978-ல் சீசன் நடுவிலேயே வைக்கிங்ஸ் கழற்றிவிட்டதாம். ஏன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
நண்பரே, சுருக்கமாகச் சொன்னால் எடைதான் காரணம். ஆனால் அது புரிய வேண்டுமானால் அவர் எப்படி ஆடினார் என்று முதலில் தெரிய வேண்டும்.

பேஜ் ஆடியது டிஃபென்சிவ் டேக்கிள். வரிசையின் நட்டநடுவில் நிற்கும் இடம். இரண்டு பேர் சேர்ந்து முட்டினாலும் நகராத கனத்த உடம்புக்காரர்களைத்தான் அங்கே வழக்கமாக நிறுத்துவார்கள். பேஜ் முட்டிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. பந்து அசைந்ததுமே கிளம்பிவிடுவார். எதிரே இருப்பவர் கையை உயர்த்துவதற்குள் இடைவெளியில் புகுந்து பின்பக்கம் போயிருப்பார். பழைய ஆட்டங்களின் துண்டுப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. 88-ம் எண் சட்டையைத் தேடுங்கள். பந்து எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள், அவருடைய முதல் அடியை மட்டும் பாருங்கள். மற்ற எல்லோரும் அதற்குப் பிறகுதான் அசைவார்கள்.

நோட்ர டேம் பல்கலைக்கழகத்திலிருந்து 1967 டிராஃப்டில் (அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) முதல் சுற்றில் 15-வது ஆளாக அவரை எடுத்தார்கள். கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், பேஜ் என்று நால்வர் சேர்ந்த அந்த வரிசைக்கு 'பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்' என்று பெயர். 1969-ல் 14 ஆட்டங்களில் வைக்கிங்ஸ் விட்டுக்கொடுத்தது மொத்தமே 133 புள்ளிகள். 1971-ல் 139. ஆட்டத்துக்குப் பத்துகூட இல்லை! அந்த 1971-ல்தான் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் எம்.வி.பி. (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது முதன்முறையாக டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கிடைத்தது.

அப்புறம் அவர் மனைவி டயான் சிகரெட்டை விடுவதற்காக ஓட ஆரம்பித்தார். பேஜும் கூடச் சேர்ந்துகொண்டார். பழக்கம் விடவில்லை, தூரம் கூடிக்கொண்டே போனது. 245 பவுண்டு, அதாவது 111 கிலோ இருந்தவர், கிட்டத்தட்ட 100 கிலோவுக்கு இறங்கிவிட்டார். கோச் பட் கிராண்டுக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு மெலிந்தவரை நடுவில் வைத்து, பந்தோடு ஓடிவரும் ரன் ஆட்டத்தைத் தடுக்க முடியாது என்று நினைத்தார். எடையைக் கூட்டச் சொன்னால் கூட்டுகிற ஆளும் இல்லை பேஜ். 1978 அக்டோபரில் அணியிலிருந்து நீக்கினார்கள். வெறும் 100 டாலர் கட்டணத்துக்குச் சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொண்டது.

சிகாகோவில் யார் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். ஜெனரல் மேனேஜர் ஜிம் ஃபிங்க்ஸ், கோச் நீல் ஆர்ம்ஸ்ட்ராங், டிஃபென்ஸைப் பார்த்துக்கொண்ட பட்டி ரயன். மூவருமே முன்பு மினசோட்டாவில், அதாவது வைக்கிங்ஸில் வேலை பார்த்தவர்கள், பேஜைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். அவர்கள் தராசைப் பார்க்கவில்லை. மெலிந்த அதே உடம்போடு பேர்ஸுக்காக 58 ஆட்டங்கள் ஆடி 40 சாக் (பந்தை எறியுமுன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்தார். 1979-ல் மராத்தான் ஒன்றை ஓடி முடித்தார். என்.எஃப்.எல்.-இல் ஆடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்த முதல் ஆள் அவர்தான்.

கிராண்ட் பெரிய கோச், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த விஷயத்தில் அவர் கணக்கு தப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய டேப்:
ஏரிக்கரை சொன்ன தகவல்கள் சரி, தீர்ப்பை மட்டும் நான் ஏற்க மாட்டேன். வைக்கிங்ஸ் நாலு சூப்பர் பவுல் (லீகின் இறுதிப் போட்டி) ஆடி நாலிலும் தோற்றது. எப்படித் தோற்றது என்று பாருங்கள். 1974 ஜனவரியில் மயாமியின் லாரி சோங்கா 145 கெஜம் ஓடினார். அடுத்த வருடம் பிட்ஸ்பர்கின் ஃபிராங்கோ ஹாரிஸ் 158. 1977-ல் ஓக்லண்டின் கிளாரன்ஸ் டேவிஸ் 137. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நம் வரிசையை மிதித்துப் போனார்கள். இதையெல்லாம் ஓரத்தில் நின்று பார்த்த கோச்சுக்கு நடுவில் கனம் வேண்டும் என்று தோன்றாதா? பேஜுக்கு அப்போது 33 வயது வேறு.

ஏரிக்கரை:
நல்ல கேள்வி. ஆனால் சோங்கா ஓடிய அன்றைக்குப் பேஜ் முழு எடையில்தான் இருந்தார். கனம் இருந்தபோதும் தடுக்க முடியவில்லை என்றால், தோல்விக்குக் கனக்குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு, இது என் கருத்து மட்டுமே. ஆட்டக்காரர் சங்கத்தில் அணியின் பிரதிநிதியாகப் பல வருடம் இருந்தவர் பேஜ். 1974-ல் வேலைநிறுத்தம் நடந்த காலம் அது. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பவர். கோச் சொல்வதே வேதம் என்றிருந்த அந்த நாளில், அப்படிப்பட்டவரோடு ஒரு எடை விவகாரம் வந்தால் அது எடையோடு நிற்காது.

புதுமழை:
இரண்டு பேருக்கும் நன்றி. ஆடிக்கொண்டே சட்டம் படித்தாரா? நீதிபதியாக எப்படி வந்தார், கவர்னர் நியமித்தாரா?

ஏரிக்கரை:
ஆடிக்கொண்டேதான் படித்தார். முதலில் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களில் விட்டுவிட்டார். பின்னால் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் திரும்பச் சேர்ந்து 1978-ல் பட்டம் வாங்கினார். வைக்கிங்ஸ் அனுப்பியதும் அதே வருடம்தான்.

நியமனம் இல்லை, தேர்தல். அதுவும் லேசில் நடக்கவில்லை. இந்த மாநில அரசியல் சட்டப்படி நீதிபதிகள் மக்கள் ஓட்டில் வர வேண்டும். நடைமுறையில் பதவியில் இருப்பவர் நடுவில் விலகுவார், கவர்னர் ஒருவரை நியமிப்பார், அவரே தொடர்வார். 1992-ல் பேஜ் நிற்க இருந்த இடத்தில் இருந்த நீதிபதிக்குக் கவர்னர் பதவிக்காலத்தை நீட்டித்துத் தேர்தலையே இல்லாமல் ஆக்கிவிட்டார். பேஜ் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தங்கள் சக நீதிபதி சம்பந்தப்பட்டதை விசாரிக்க முடியாதே? ஓய்வு பெற்ற நீதிபதிகளை வைத்துத் தனி அமர்வு கூடியது. தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று தீர்ப்பு. பேஜ் நின்றார், ஜெயித்தார். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பின நீதிபதி அவர். 1998, 2004, 2010 என்று மூன்று முறை மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டு, 70 வயது வரம்பு வந்ததால் 2015-ல் ஓய்வு பெற்றார்.

ஆட்டக்காரர், நீதிபதி என்று இரண்டு வாழ்க்கையாக இதைப் பிரித்துச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அவர் பிறந்தது ஒஹாயோவின் கேன்டன். இரும்பாலை ஊர். ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் கட்டடம் அங்கே எழும்பியபோது, பள்ளி வயதில் அதில் கூலி வேலை செய்திருக்கிறார். 1988-ல் அதே கட்டடத்தில் அவர் பெயர் ஏறியது. கோச்சையோ கூட ஆடியவரையோ அறிமுகம் செய்யக் கூப்பிடுவதுதான் வழக்கம். அவர் மினியாபொலிஸ் பள்ளி முதல்வர் ஒருவரை, வில்லரீன் பீஸ்லியை, கூப்பிட்டார். பேச்சும் படிப்பைப் பற்றித்தான். டிஃபென்ஸ் கூட்டத்தில் ஆட்டத் திட்டங்கள் எழுதிய பிளேபுக்கை வாய்விட்டு வாசிக்கச் சொன்னபோது, கல்லூரிவரை போய்வந்த சக ஆட்டக்காரர்கள் சிலர் திணறியதைச் சொன்னார். ஆடும் திறமை இருந்ததால் யாரும் அவர்களுக்கு வாசிக்கக் கற்றுத்தராமலே மேலே தள்ளிவிட்டிருக்கிறார்கள். எனக்கு அவருடைய சாக் கணக்கைவிட இதுதான் பெரிது.

அந்த வருடமே பேஜ் கல்வி அறக்கட்டளை தொடங்கினார். கல்லூரி உதவித்தொகை தருவார்கள், ஆனால் வாங்குகிறவர் சின்னப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக நேரம் தர வேண்டும் என்பது நிபந்தனை. உங்களுக்கு மாலையில் நேரம் இருந்தால் இங்குள்ள பள்ளிகளில் வாசிப்புக்கு உதவ ஆட்கள் எப்போதும் தேவை. நான் போகிறேன்.

அக்டோபர் மராத்தான் அன்று பாதையோரம் வந்து நில்லுங்கள். பல வருடங்களாக அவர் சூசஃபோன் ஊதி ஓடுபவர்களை உற்சாகப்படுத்தியிருக்கிறார். ஓடும்போது நானும் கேட்டிருக்கிறேன். மலைப்பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பித்தளைக் குழலுக்கு அவர் சரியான ஆள்.

பழைய டேப்:
சாக் கணக்கு 1982-லிருந்துதான் அதிகாரபூர்வம், அவர் ஓய்வு பெற்றது 1981. பின்னால் உட்கார்ந்து எண்ணியவர்கள் 148.5 என்கிறார்கள். டேக்கிள் இடத்திலிருந்து இது மலைக்க வைக்கும் எண். அவருக்குப் பிறகு டிஃபென்ஸிலிருந்து எம்.வி.பி. வாங்கியது 1986-ல் லாரன்ஸ் டெய்லர் மட்டும்தான். எடை விஷயத்தில் நான் இன்னும் கிராண்ட் பக்கம்தான், ஏரிக்கரை.

மூன்றாம் தெரு:
ஒரு சின்னச் சேர்க்கை. தெற்கு மினியாபொலிஸில் ஜஸ்டிஸ் பேஜ் நடுநிலைப் பள்ளி இருக்கிறது. 2017 வரை அதற்கு அலெக்சாண்டர் ராம்சி பெயர். 1862-ல் கவர்னராக இருந்துகொண்டு, டகோட்டா மக்களை அழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டே விரட்ட வேண்டும் என்றவர் அவர். பெயரை மாற்றச் சொல்லிக் கிளம்பியவர்கள் அங்கே படித்த பிள்ளைகள்தான்.