புதுப்பிப்பு: செயற்கை லென்ஸ் மேல் படிவா? லேசருக்கு முன் ஒரு நிமிஷம்

கண்புரை அறுவைக்குப் பின் வரும் மங்கலைப் பற்றிய என் முந்தைய பதிவில், எல்லாவற்றுக்கும் யாக் லேசர் போதும் என்பதுபோல் எழுதிவிட்டேன். அது தவறு.

லேசர் சரிசெய்வது, அறுவையில் வைத்த செயற்கை லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பையின் பின்சவ்வு மங்குவதைத்தான். லென்ஸின் மேலேயே படிவது வேறு சமாச்சாரம். கண் பாப்பாவை விரித்து ஸ்லிட் லாம்பில் (கண் மருத்துவரின் ஒளிக்கீற்று நுண்ணோக்கி) பார்த்தால் பிடிபடும். முன்பரப்பில் திட்டுத்திட்டாகப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால், பெரும்பாலும் அழற்சி செல்கள். 1% பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் அநேகமாகக் கரையும். ஸ்டீராய்டு என்பதால் கண் அழுத்தத்தை இடையிடையே அளந்தே ஆகவேண்டும்.

நுண்மணல் தூவியதுபோல் வெள்ளையாக இருந்தால் கால்சியம் பாஸ்பேட்டைச் சந்தேகிக்கவும். ஹைட்ரோஃபிலிக் அக்ரிலிக் (நீரை ஈர்க்கும் வகை பிளாஸ்டிக்) லென்ஸில்தான் இது அதிகம். கருவிழியின் (கார்னியா) உள்ளடுக்கை மாற்றும்போது கண்ணுக்குள் காற்றோ வாயுவோ விட்டிருந்தால் இன்னும் அதிகம். சொட்டு மருந்துக்கும் லேசருக்கும் இது அசையாது. பார்வை கெட்டால் லென்ஸையே மாற்ற வேண்டும். பின்சவ்வு மங்கல் என்று நினைத்து முன்பே லேசரால் அதில் ஓட்டை போட்டிருந்தால்தான் வினை: மாற்றும்போது அந்த வழியாக விட்ரியஸ் (கண்ணின் பின்பகுதியை நிரப்பும் ஜெல்) முன்னே வரும், புது லென்ஸுக்குப் பிடிமானமும் குறையும்.

சிலிக்கோன் லென்ஸ், கூடவே ஆஸ்டராய்டு ஹயலோசிஸ் (விட்ரியஸில் கால்சியம் துகள்கள் மிதக்கும் நிலை) என்றால், லேசரில் உதிர்த்தாலும் பின்பரப்பில் படிவு திரும்ப வரும்.