பே பாலத்தில் முதன்முறை கார் ஓட்ட வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த வியாழன் காலை எட்டு மணிக்குள் அம்மாவைக் கண் அறுவை சிகிச்சைக்காகச் சான் பிரான்சிஸ்கோ அழைத்துச் செல்ல வேண்டும். ஃப்ரீமாண்டிலிருந்து 880 நெடுஞ்சாலையில் வந்து, ஓக்லாந்தில் 80 நெடுஞ்சாலையைப் பிடித்து, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும் பே பாலத்தைக் கடக்க வேண்டும். இதுவரை அந்தப் பாலத்தில் நான் ஓட்டியதே இல்லை.

சுங்கக் கட்டணம் மின்னணு முறையில் கழிந்துவிடும், அதில் கவலையில்லை. என் பயமெல்லாம் சுங்கச்சாவடியைத் தாண்டியவுடன் வரும் இடம்தான். பல தடங்கள் ஐந்தாகக் குறுகுகின்றன. வண்டிகளை அளவாக விடும் விளக்கு பச்சையானதும் எல்லா வண்டிகளும் ஒன்றாக நெருக்குகின்றன. 880-இலிருந்து வருபவர் எந்தத் தடத்தில் நின்றால் கடைசி நேரத்தில் குறுக்கே பாயாமல் போகலாம்? பாலத்தின் நடுவே வரும் யெர்பா புவேனா தீவின் சுரங்கத்துக்குள் தடம் மாறாமல் இருப்பதுதானே நல்லது? நகருக்குள் இறங்க எங்கிருந்து ஒதுங்கத் தொடங்க வேண்டும்?

திரும்பும்போது கீழ்த்தளம். 1989 நிலநடுக்கத்தில் மேல்தளத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததை அம்மா எங்கோ படித்துவிட்டு நடுங்குகிறார். அது கிழக்குப் பகுதி, 2013-இல் அங்கே புதிய பாலமே திறந்துவிட்டார்கள் என்று சொல்லியும் மனம் ஆறவில்லை. தினமும் போய்வருபவர்கள் அவருக்கும் இரண்டு வரி எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன்.

ஞாயிறு விடியற்காலையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கப் போகிறேன். அனுபவமுள்ள யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வர முடியுமா?