ஃப்ளாரன்ஸில் முழங்கால் வலிக்காரர் தங்க ஏற்ற சின்ன ஹோட்டல் தெரியுமா?

வணக்கம் நண்பர்களே. அக்டோபரில் அம்மாவும் நானும் ஃப்ளாரன்ஸ் போகிறோம். காலை உணவோடு ஓர் இரவுக்கு 120 யூரோவுக்குள், குடும்பமாக நடத்தும் சின்ன ஹோட்டல் ஏதாவது தெரியுமா?

சிக்கல் படிக்கட்டுதான். அம்மாவுக்கு முழங்கால் வலி. அங்கே விலை குறைந்த ஹோட்டல்கள் பல, பழைய மாளிகைகளின் மூன்றாவது, நான்காவது மாடியில் இருக்கின்றன. 'லிஃப்ட் உண்டு' என்று போட்டிருக்கும். அந்த லிஃப்டுக்குப் போகவே பத்துப் படி ஏற வேண்டும் என்று தங்கியவர் ஒருவர் எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்தால், ஓர் ஆளும் ஒரு பெட்டியும் நுழைந்தாலே கதவு மூடாது போலிருக்கிறது!

சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்தை ஒட்டி எடுத்தால் பெட்டியை இழுக்கும் பாடு குறையும்; விமான நிலைய டிராமும் அந்தப் பக்கம்தான் வருகிறது. ஆனால் மனசு என்னவோ ஆர்னோ ஆற்றுக்குத் தெற்கே, சாந்தோ ஸ்பிரிதோ சதுக்கம் பக்கமே போகிறது. இரவில் அங்கே கூச்சல் அதிகமாம். உள்முற்றம் பார்த்த அறையாகக் கேட்டு வாங்கினால் தூங்க முடியுமா?

அப்புறம், நகர வரியை ஆளுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள். அது தெரியும், அதைச் சேர்க்காமல்தான் 120. நீங்களே தங்கிய இடம் என்றால், தெரு வாசலிலிருந்து அறை வரை எத்தனை படி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.