நீர்த்த சுண்ணாம்பா, நீற்றிய சுண்ணாம்பா?

அரியலூர் ஆசிரியை:

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பயிற்சித்தாள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

சுண்ணாம்புச் சுழற்சிப் படத்தில் மூன்று கட்டங்களும் மூன்று அம்புகளும் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் அடுத்த சுண்ணாம்பு. அதைச் சுவரில் அடித்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லின் பொருளே வந்துவிடுகிறது. முதல் அம்புக்குச் ‘சுடுதல்’, மூன்றாவதற்குக் ‘கார்பனேட்டாதல்’ என்று எழுதிவிட்டேன். நடு அம்பில்தான் நிற்கிறேன்.

என்னிடமிருந்த பழைய குறிப்பில் ‘நீர்த்த சுண்ணாம்பு’ என்றிருந்தது. நேற்று அதையே கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், நீர்த்த அமிலம்னா தண்ணி கலந்து வீரியம் குறைஞ்சதுன்னு சொன்னீங்க. இதுவும் தண்ணி கலந்த சுண்ணாம்புதானா?” என்று கேட்டாள். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரோடு வினைபுரிந்து 74 கிராம் வேறொரு பொருளாகிறது, இது வெறும் கலத்தல் இல்லை என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாலும் பலகையில் இருந்த சொல் அவள் பக்கம்தான் பேசியது. என்ன சொல் போடலாம்?

மதுரை ஐயா:

அம்மா, அந்த மாணவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பிழை சொல்லில்தான். நீர் வேறு, நீறு வேறு. முன்னது இடையின ரகரம், பின்னது வல்லின றகரம். ஆறு–ஆற்று, மாறு–மாற்று, தேறு–தேற்று என்பதுபோல் நீறு–நீற்று. நீறுதல் தன்வினை, நீற்றுதல் பிறவினை. நீறு என்றால் பொடி, சாம்பல், சுண்ணாம்பு. தண்ணீர் விடுகிற வேலையாயிற்றே என்று யாரோ ‘நீற்றிய’ என்பதை ‘நீர்த்த’ ஆக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். நீற்றுதல், நீற்றிய சுண்ணாம்பு என்று போடுங்கள்.

கோவை நண்பர்:

ஐயா சொல்கிற இலக்கணம் சரி. ஆனால் இன்றைய பிள்ளைக்கு ‘நீறு’ என்றதும் நெற்றியில் பூசும் திருநீறுதான் நினைவுக்கு வரும். ‘நீரேற்றம்’ என்ற சொல் ஏற்கெனவே பாடத்தில் இருக்கிறது. பார்த்த உடனே புரியும். அதை விட்டுவிட்டு ஏன் அகராதிக்குள் போக வேண்டும்? கலைச்சொல் முதலில் விளங்க வேண்டும், பிறகுதான் அழகு.

அரியலூர் ஆசிரியை:

நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் நீரேற்றம் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பது மயில்துத்தத்தை வைத்து. நீலப் படிகத்தைச் சோதனைக்குழாயில் சூடாக்கினால் தண்ணீர் போய் வெளுத்துவிடும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பிவிடும். அங்கே தண்ணீர் தண்ணீராகவே படிகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்பில் அப்படி இல்லை, தண்ணீர் மூலக்கூறே பிரிந்து ஹைட்ராக்சைடு ஆகிறது. அதைத் திரும்ப வெளியேற்ற 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் அதே மாணவி நாளை மறுபடி எழுந்து நிற்பாள்.

யாழ்ப்பாணத்து அக்கா:

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது நீறாச் சுண்ணாம்பு, நீறிய சுண்ணாம்பு. கல்சியம் ஒட்சைட்டு நீறாதது, கல்சியம் ஐதரொட்சைட்டு நீறியது. ஒரு வினை, அதன் எதிர்மறை, அவ்வளவுதான். எங்கட குடாநாடே சுண்ணக்கல்லின் மேல்தான் இருக்கிறது. கிணறு வெட்டினாலும் அந்தக் கல்தான் வரும். பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களில் ஒரு சிக்கலும் இருந்ததில்லை. ‘நீர்த்த’ என்பதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

நாகர்கோவில்:

நான் மறுக்கிறேன். நீற்றுதல் என்பது நெருப்பு வேலை, தண்ணீர் வேலை அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் ‘நீற்றுகக்க’ என்றால் கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்டு எடுத்தது, தண்ணீர் படாதது. தண்ணீர் பட்டது ‘கும்மாயம்’. மலையாளம் போக வேண்டாம் என்றால் பெரியபுராணத்துக்கே வாருங்கள். அப்பரை அடைத்தது நீற்றறையில். ஏழு நாள் உள்ளே இருந்தார். அங்கே தண்ணீரா ஊற்றினார்கள்? அது சூளை. வெப்பம் தாங்க முடியாத இடம் என்பதால்தான் ‘மாசில் வீணையும் மாலை மதியமும்’ என்று குளிர்ச்சியாக அடுக்கிப் பாடுகிறார். அப்படியிருக்க நீற்றுதலை எப்படித் தண்ணீர் விடும் அம்புக்குக் கொடுப்பீர்கள்? முதல் அம்புக்கல்லவா அது உரியது?

மதுரை ஐயா:

நல்ல கேள்வி. ஆனால் நீற்றறை என்பதை ‘நீற்றுகிற அறை’ என்று மட்டும்தான் விரிக்க வேண்டுமா? நீறு என்னும் பெயரே அறை என்பதோடு சேரும்போது ஒற்று இரட்டித்து நீற்றறை ஆகும். ஆறு, அங்கரை சேர்ந்து ஆற்றங்கரை ஆவதில்லையா? நீறு உண்டாகும் அறை என்று பொருள் கொண்டால், விளையும் பொருளால் பெற்ற பெயர் அது.

இன்னொன்று. நீறு, நூறு இரண்டும் உறவுடையவை என்று வெகுநாளாக எனக்கு ஓர் எண்ணம். நூறு என்றாலும் பொடிதான், சுண்ணாம்புதான். நூறுதல் என்றால் நொறுக்குதல், அழித்தல். எண்ண முடியாத பொடி என்பதிலிருந்தே 100 என்னும் எண்ணுக்கும் அந்தப் பெயர் வந்திருக்கலாம். இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கோவை நண்பர்:

ஐயா, வியாழன் ஆகிவிட்டது. 100-ஐப் பிறகு பார்ப்போம். ஒரு சிறு திருத்தம் மட்டும்: அது ஆறு, கரை, நடுவில் ‘அம்’ சாரியை.

மதுரை ஐயா:

ஆம், அவசரத்தில் தவறாகப் பிரித்துவிட்டேன். நன்றி.

திருநெல்வேலித் தம்பி:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அப்பா கொத்தனார். சின்ன வயதில் அவரோடு வேலைக்குப் போயிருக்கிறேன். தொட்டியில் சுட்ட கல்லைக் கொட்டித் தண்ணீர் விடுவதை எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் ‘சுண்ணாம்பு தாளிக்கிறது’ என்பார்கள். உஸ்ஸென்று சத்தம் வரும், ஆவி பறக்கும், தண்ணீர் தானாகக் கொதிக்கும். எங்களைப் பத்தடி தள்ளி நிறுத்துவார்கள், ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்று. ‘நீர்த்த’ என்று படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சூடும் ஆபத்தும் தெரியவே தெரியாது. எனக்கு அதுதான் வருத்தம்.

நாகர்கோவில் அண்ணாச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். காளவாயிலிருந்து, அதாவது சூளையிலிருந்து, வரும்போது கல் கல்லாகத்தான் இருக்கும். உருவம் மாறாது, தூக்கினால் எடை குறைந்திருக்கும். அது பூத்து, வெடித்து, மாவாக உதிர்வது தண்ணீர் பட்ட பிறகுதான். நீறு என்றால் பொடி என்று ஐயா சொல்கிறார். அப்படியென்றால் கல் நீறாவது தொட்டியில்தானே, காளவாயில் இல்லையே?

அரியலூர் ஆசிரியை:

தம்பி, இந்த மடலுக்காகவே இழையைத் தொடங்கியதாக நினைத்துக்கொள்கிறேன். 100 கிராம் கல் 900 டிகிரியளவில் 44 கிராம் வாயுவை விட்டு 56 கிராம் ஆகிறது என்று ஆண்டுதோறும் கணக்குப் போட வைக்கிறேன். அப்போதும் அது கட்டியாகவே இருக்கும் என்று பிள்ளைகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இனிச் சொல்வேன். ‘தாளித்தல்’ என் மனத்துக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கோவை நண்பர்:

எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் தேர்வில் ‘தாளித்த சுண்ணாம்பு’ என்று எழுதினால் திருத்துகிறவர் மதிப்பெண் போடுவாரா? பிள்ளை இழக்கக் கூடாது. நீரேற்றத்தை நான் விட்டுவிடுகிறேன். ‘நீற்றுதல்’ போட்டு, அடைப்புக்குள் ‘நீர் சேர்த்தல்’ என்று விளக்கம் கொடுங்கள்.

யாழ்ப்பாணத்து அக்கா:

நீறாச் சுண்ணாம்பு என்பதையும் எங்காவது ஓரத்தில் போட்டால் எங்கட பிள்ளைகளுக்கும் அந்தத் தாள் உதவும்.

அரியலூர் ஆசிரியை:

வியாழன் இரவு 11 மணி. நடு அம்புக்கு ‘நீற்றுதல் (நீர் சேர்த்தல்)’. கட்டத்தில் ‘நீற்றிய சுண்ணாம்பு’. சுட்ட சுண்ணாம்புக்கு அருகில் ‘நீறாச் சுண்ணாம்பு என்றும் சொல்வர்’ என்று ஒரு வரி. கீழே பெட்டிச் செய்தியாகத் தம்பி சொன்ன தொட்டியும் தாளிப்பும், கண்ணைப் பற்றிய எச்சரிக்கையும். காலையில் கொடுத்துவிடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

நாகர்கோவில்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஒப்பவில்லை. கல் பொடியாவது தொட்டியில் என்று தம்பி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நீற்றுகக்கவும் கட்டியாகத்தான் இருக்கிறது, அதற்கு எப்படி அந்தப் பெயர் வந்தது என்பதற்கு உங்களிடமும் பதில் இல்லை. எங்கள் ஊரில் இரண்டு மொழியும் காதில் விழுந்து வளர்கிற பிள்ளை ‘நீற்றிய’ என்பதைச் ‘சுட்ட’ என்றே படிக்கும். அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடி எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சேலத்து மேக்னசைட்டுக் கல்லைச் சுடுகிற பாடமும் அதில் வருமே, அங்கே தண்ணீரே கிடையாது.