கப்பல் மூழ்கினா பேரிடரா?

வெள்ளி, 30 மே 2025

ஜெரின்: கரை முழுக்க வெள்ளை வெள்ளையா பிளாஸ்டிக் மணி. கொச்சிப் பக்கம் மூழ்கின எம்எஸ்சி எல்சா 3 கப்பல்ல உள்ளதாம். படம் போட்டிருக்கேன், பாருங்க

மேரி சித்தி: ஐயோ, மீன் தின்னுமே மக்களே இத!

செல்வி அக்கா: கேரளா நேத்தே இத மாநிலப் பேரிடர்னு அறிவிச்சாச்சு

ஜெரின்: கப்பல்ல இருந்த 24 பேரையும் காப்பாத்தியாச்சே. பின்ன எப்படிக்கா பேரிடர்?

பீட்டர் மாமா: சாவு விழுந்தாத்தான் பேரிடர்னு இல்ல மக்களே. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்துல இயற்கை, விபத்து, மனுஷன் செஞ்சது எல்லாமே உண்டு. உயிரோ சொத்தோ சுற்றுச்சூழலோ, அந்த ஊரால தாங்க முடியாத அளவுக்குப் போனா பேரிடர்தான்

பீட்டர் மாமா: ஆனா நிவாரணப் பணத்துக்கு மத்திய அரசோட பட்டியல் தனி. புயல், வறட்சி, பூகம்பம், தீ, வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு, குளிர் அலைன்னு மொத்தம் 12. கப்பல் அதுல இல்ல. மாநிலம் தனியா அறிவிச்சா, மாநிலப் பேரிடர் நிதியில 10 சதவீதம் வரை எடுக்கலாம்

செல்வி அக்கா: நம்ம தமிழ்நாடு அரசு போன அக்டோபர்ல வெப்ப அலைய அப்படித்தான் அறிவிச்சுது. இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம்

மேரி சித்தி: குளிர் இருக்கு, வெயில் இல்லியா?? வெயில்ல எத்தன பேர் சாவுறாங்க!

பீட்டர் மாமா: மாநிலங்களுக்கு எவ்வளவு பணம்னு பரிந்துரைக்கிற 15வது நிதிக்குழுகிட்ட வெயிலயும் சேர்க்கச் சொல்லிக் கேட்டாங்க. இருக்குற பட்டியலே போதும்னுட்டாங்க. எனக்கு அது இன்னும் ஆறல

செல்வி அக்கா: உலகக் கணக்கு வேற மாமா. பெல்ஜியத்துல 1988ல இருந்து எம்-டாட்னு ஒரு பேரிடர்ப் பதிவு. அதுல ஏறணும்னா 10 பேர் இறந்திருக்கணும், இல்ல 100 பேர் பாதிச்சிருக்கணும், இல்ல அவசரநிலை அறிவிச்சிருக்கணும், இல்ல வெளிநாட்டு உதவி கேட்டிருக்கணும். ஒண்ணு போதும். கப்பல் விபத்துன்னா தொழில்நுட்பப் பிரிவு

ஜெரின்: 9 பேர் போன படகு?

செல்வி அக்கா: மத்த மூணும் இல்லன்னா ஏறாது. அதான் லத்தீன் அமெரிக்காவுல 1994ல டெஸ்இன்வென்டார்னு இன்னொரு பதிவு ஆரம்பிச்சாங்க. ஒரு வீடு போனாலும் எழுதலாம். தமிழ்நாட்டுக்கும் அதுல பதிவு இருக்கு

மேரி சித்தி: 2017 ஒக்கி புயல்ல போனவங்கள எப்படி எழுதினாங்க?

பீட்டர் மாமா: அதுதான் பெரிய பாடு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆளுங்க ஆழ்கடலுக்குப் போனவங்க. உடல் கிடைக்கல. உடல் இல்லன்னா இறப்புச் சான்றிதழ் கிடையாது, சட்டப்படி 7 வருஷம் காத்திருக்கணும். அதுவரைக்கும் அவ பொண்டாட்டியா, கைம்பெண்ணான்னு ஆபீஸ்ல ஒருத்தராலும் சொல்ல முடியாது. பிறகு அரசு அந்த விதியத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுத்துது. பங்குக் கோவில்ல ஊரே உக்காந்து யார் யார் எந்தப் போட்டுல போனாங்கன்னு எழுதினதாலதான் பேரு விடுபடாம பாக்க முடிஞ்சுது

செல்வி அக்கா: எம்-டாட்ல காணாமப் போனவங்களையும் இறந்தவங்களோட சேர்த்துத்தான் எண்ணுவாங்க

பீட்டர் மாமா: சரியான முறை அது. ஜெரின், படத்தோட நாள், நேரம், எந்தக் கரைன்னு எழுதி வை. யாரு வலையில மணி ஏறிச்சு, யாரு எத்தன நாள் கடலுக்குப் போகலன்னும் எழுது. மீன்துறையில ஒரு பிரதி, கலெக்டர் ஆபீஸ்ல ஒரு பிரதி. முத்திரை போட்ட ரசீது வாங்காம வராத

ஜெரின்: சரி மாமா. ஞாயிறு பூசை முடிஞ்சதும் பங்குப்பேரவையில சொல்லி எழுதத் தொடங்குறோம்

மேரி சித்தி: கையுறை போட்டுட்டு அள்ளுங்க பிள்ளைகளா